மைனஸ் மூன்று

காலையில் நாகர்கோவிலோடு டிரா.
ஒரு கோலும் விடவில்லை, ஒரு கோலும் போடவில்லை.
கைதட்டுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று
யாருக்கும் தெரியாததால்
காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தோம்,
பதினாறு பேர், ஒரு தூக்குவாளி எலுமிச்சைச் சோறு.

கணக்கு என் பொறுப்பு.
கோல்கீப்பருக்குத்தான் எண்கள் மறக்காது.
கோவில்பட்டியிடம் நாலுக்குப் பூஜ்ஜியம்.
திருநெல்வேலியை இரண்டுக்கு ஒன்று;
அந்த இரண்டாவதை அடித்த உமையாளுக்கே
இன்னும் நம்பிக்கை வரவில்லை.
ஆக நாலு புள்ளி. கோல் வித்தியாசம் மைனஸ் மூன்று.
இப்போது திருநெல்வேலி ஜெயித்தால் அவர்களுக்கும் நாலு,
மைனஸ் இல்லாத நாலு.
எனவே கோவில்பட்டி தோற்கக் கூடாது.

இதை நான் சத்தமாகச் சொன்னதும்
ஃபர்ஹானா கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வாளியில் போட்டாள்.
"முந்தாநேத்து நம்மள உரிச்சு உப்புத் தடவுன புள்ளைகளுக்கா
இன்னைக்குக் கைதட்டணும்?"
ஆமாம்.

தெற்கே மட்டையோடு பிறக்கிறார்கள் என்று சொல்வார்கள்.
அங்கே பச்சைச் செயற்கைப் புல்,
அதை நனைக்கத் தனியாக ஒரு மோட்டார்.
காரைக்குடியில் எங்களுக்குச் செம்மண் சரளை.
அதுவும் தை பிறந்து மாசி முடிய எங்களுடையதில்லை.
பெரிய வீடுகளில் படம் எடுக்க வருகிறவர்களின் கேரவன்கள்
எங்கள் ஷூட்டிங் சர்க்கிளில்தான் நிற்கும்.
பெயர்ப் பொருத்தம் அப்படி.
விடுதி மொட்டைமாடியில் பந்து உருட்டிப் பழகினோம்;
இரண்டு பந்துகள் இன்னும் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கின்றன.
ஒருநாள் ஆள் போதவில்லை என்று எங்களையே கூப்பிட்டார்கள்,
கல்யாணக் கூட்டத்தில் தாம்பாளம் ஏந்தி நடக்க.
தலைக்கு ஐந்நூறு.
ஏழு முறை நடந்தோம், ஏழு முறையும் ஜெனி சிரித்துவிட்டாள்.
அந்தப் பணத்தில் வந்தவைதான் என் கால்காப்புகள்.
இடதுகாலுடையது கொஞ்சம் பெரிசு.

மணி மூன்றரை. கடைசிப் பகுதி ஆட்டம்.
திருநெல்வேலி ஒன்று, கோவில்பட்டி ஒன்றுமில்லை.
ஆறு புள்ளியோடு இடம் உறுதியானவர்கள்
நல்ல கால்களை எல்லாம் பெஞ்சில் வைத்திருந்தார்கள்.
என் வலையில் மூன்றை இறக்கிய ஒன்பதாம் எண்,
செண்பகவல்லி,
ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் சரளையை
நிரவிக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கிப் போனேன்.
பி.டி. மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி விசிலைத் துடைத்தார்கள்.
வாளி மூடியில் கொஞ்சம் சோறு.
என்ன கேட்பது? கேட்கவில்லை.
அவள் தின்றாள். உப்புக் கம்மி என்றாள்.
"என்னட்டி தரை இது, கடலைமிட்டாய் மாதிரில்லா இருக்கு."
பிறகு எங்கள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்,
தொங்கும் கால்களை ஒவ்வொன்றாக.
"டிரா ஆனாப் போதுமா ஒங்களுக்கு?"
வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன்.

அவர்கள் கோச்சிடம் என்ன சொன்னாளோ,
"சும்மா உக்காந்தா கால் மரத்துப்போகுது சார்"
என்பது மட்டும் காதில் விழுந்தது.

நாலு நிமிஷம் மீதி. ஒன்பது இறங்கியது.
ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியை.
வட்டத்துக்குள்ளே
கேரவன் டயர் பதிந்து இறுகிய தடம் ஒன்று உண்டு.
பந்து அங்கே ஒரு சாண் எழும்பி
கோல்கீப்பரின் இடப்பக்கம் துள்ளும்.
இந்த உலகத்தில் பதினாறு பேருக்குத்தான் அது தெரியும்.

அடித்தாள்.
சுவரில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
நான் திருநெல்வேலி கோல்கீப்பரைப் பார்த்தேன்.
வலதுகாலை நீட்டிக் குனிகிறாள்,
மிகச் சரியாக, சொல்லிக்கொடுத்தபடி.
ஏய், இந்தப் பக்கம் என்று
என் வாய்வரைக்கும் வந்தது.